ஃபிளேஞ்ச் மாறியது, ஸ்டட் மாறவில்லை: மணலியில் ஒரு 12 அங்குல ஜாயிண்ட்

மணலியில் நான் வேலை பார்த்த ஒரு ரசாயன ஆலையில், ரியாக்டரிலிருந்து வெளிவரும் வாயுக் குழாயில் இருந்த ஒரே ஒரு ஃபிளேஞ்ச் ஜாயிண்ட், அதாவது இரண்டு குழாய் முனைகளின் வட்டத் தகடுகளைச் சேர்த்து இறுக்கிய இணைப்பு, எங்களை ஏறத்தாழ இரண்டு வருடம் படுத்தியது. 12 அங்குலம், 300 கிளாஸ் (அழுத்தம் தாங்கும் தரம்), 16 ஸ்டட் (இரு முனையிலும் நட் போடும் த்ரெட் கம்பி), ஒவ்வொன்றும் ஒன்றே அரைக்கால் அங்குல விட்டம். கையில் தூக்கினால் ஒரு ஸ்டட் ஒரு கிலோகூட வராது. அந்தப் பதினாறையும் மூன்று விதமான உலோகத்தில் போட்டுப் பார்த்தோம். முதலாவது நான் சேருவதற்கு முன்பே இருந்தது, இரண்டாவது நான் கையெழுத்துப் போட்டு வாங்கியது, மூன்றாவதுதான் நின்றது. இரண்டாவதை ஏன் தவறாகத் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதே தவறை எண்ணூரிலும் மணலியிலும் வேறு ஆட்கள் செய்வதை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன், அதிலும் நல்ல அனுபவசாலிகள்.

முதலில் ஜாயிண்ட்டைப் பற்றி. குழாயும் ஃபிளேஞ்சும் ஆரம்பத்தில் ஒன்றேகால் சதவீதக் குரோம், அரை சதவீத மாலிப்டினம் கலந்த எஃகு, சுருக்கமாகக் குரோம்-மாலி. வாயு 380 டிகிரி செல்சியஸில் ஓடியது. ஸ்டட் ஏ193 பி7, நட் 2ஹெச் (இரண்டும் எஃகின் தரக் குறியீடுகள்), அதாவது எந்த ஆலை ஸ்டோருக்குள் போனாலும் முதலில் கையில் கிடைக்கும் சோடி. வருடக்கணக்கில் எந்தப் பிரச்சினையும் இல்லை. அப்புறம் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) மாறியது, வெளிவரும் வாயு 470 டிகிரிக்குப் போனது. வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டு, கொஞ்சம் ஹைட்ரஜன் குளோரைடும் உண்டு. இந்தச் சூட்டில் கந்தகம் எஃகை அரிக்கும் வேகம் எகிறிவிடும், ஒன்றேகால் சதவீதக் குரோமியம் அதற்கு ஈடுகொடுக்காது. ஆகவே குழாயையும் ஃபிளேஞ்சையும் 321 எஸ்.எஸ்.ஸுக்கு, அதாவது ஒரு வகைத் துருப்பிடிக்காத எஃகுக்கு, மாற்றினார்கள். அது சரியான முடிவுதான். இரண்டு ஃபிளேஞ்சுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டும் மாறியது. ஸ்டட்டுக்கு நேரே மட்டும் டிராயிங்கில் "ஏற்கெனவே உள்ளது" என்று இருந்தது. துளை அதே அளவு, எண்ணிக்கை அதே பதினாறு, அதனால் ஸ்டட்டும் அதேதான் என்று விட்டுவிட்டார்கள்.

இன்சுலேஷனுக்குள் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது ஃபிளேஞ்ச் உலோகம் 455 டிகிரி காட்டியது. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான்.

மாற்றம் முடிந்து ஓட்ட ஆரம்பித்த முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு முறை பவர் டிரிப் ஆகி யூனிட் ஆறியது, மறுபடி கிளப்பினோம், அன்று ராத்திரியே அழுகிய முட்டை நாற்றம். பர்மிட் போட்டு, மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு, சூட்டோடு சூடாக டைட் வைத்தார்கள். நின்றது. ஆறு வாரம் கழித்து அடுத்த டிரிப், மறுபடி அதே கதை. எங்கள் மூத்த ஃபிட்டர் காசிமேட்டுக்காரர், அப்பா விசைப்படகில் போனவர், உப்புக்காற்றில் எந்த நட் எப்படிப் பிடிக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். மூன்றாவது முறை ஒழுகியபோது அவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, ஓடிக்கினு இருக்கும்போது இது ஒழுகறதில்ல. நின்னு கெளம்பும்போதுதான் ஒழுகுது. நேத்து ஆறினப்புறம் ஒரு நட்ட கைய வச்சுத் திருப்பினேன், சுத்துது."

455 டிகிரியில் ஓடும் ஜாயிண்ட்டில் ஆறிய பிறகு நட் கையால் சுற்றுகிறது என்றால், விடை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நான் அப்போது அதை உட்கார்ந்து யோசிக்கவில்லை. "சரியா டைட் வைக்கலையோ என்னவோ, அடுத்த ஷட்டவுன்ல மாத்திடலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் வைத்த டைட்டில் எந்தக் குறையும் இல்லை, அதைப் பிறகு அவரிடமே சொன்னேன்.

எஸ்.எஸ்.ஸுக்கு எஸ்.எஸ்.

ஷட்டவுன் வந்தது. பி7 ஸ்டட்டுகளைக் கழற்றிப் பார்த்தால் வெளியே கறுத்து, த்ரெட்டில் கந்தகப் பொருக்கு. உட்கார்ந்து பேசியபோது எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வந்தது, எனக்கும்தான்: ஃபிளேஞ்ச் எஸ்.எஸ்., ஸ்டட் கருப்பு எஃகு, அதனால்தான் ஒத்துப்போகவில்லை, ஸ்டட்டையும் எஸ்.எஸ். போட்டால் விரிவும் ஒத்துப்போகும், துருவும் பிடிக்காது. பாதி உண்மை இதில் இருக்கிறது, அதுதான் ஆபத்து. நாள் குறைவாக இருந்ததால் பாரிமுனையில் கிடைத்த 304 ஸ்டட், ஏ193 பி8 கிளாஸ் 1, சான்றிதழோடு வாங்கினோம். சரக்கு போலி இல்லை, சான்றிதழில் எழுதியிருந்தபடியே இருந்தது. அதில் எழுதியிருந்ததை நான்தான் வாசிக்கவில்லை.

அதில் யீல்டு 205 மெகாபாஸ்கல் என்று தெளிவாக இருந்தது. யீல்டு என்றால் இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் எல்லை, அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். பி7க்கு அந்த எல்லை 720. எங்கள் டார்க் சார்ட், அதாவது நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அட்டவணை, பி7க்காகப் போட்டது: இந்த விட்டத்துக்கு, எண்ணெய் தடவிய த்ரெட்டுக்குச் சுமார் 790 நியூட்டன் மீட்டர், அது ஸ்டட்டில் 345 மெகாபாஸ்கல் இழுவையைக் கொடுக்கும். 345ஐ 205க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சார்ட்டை மாற்றவில்லை. டார்க் ரெஞ்ச் அழகாகக் கிளிக் அடித்தது, ஸ்டட் அதன் எல்லையைத் தாண்டி இழுபட்டது, யாருக்கும் தெரியவில்லை.

தெரியவில்லை என்பதும் சரியில்லை. ஃபிட்டருக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஸ்டட்டை மறுபடி கழற்றி மாட்டும்போது நட் முதலில் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் வந்து பிடித்துக்கொண்டது. த்ரெட் அடிபடவில்லை, அழுக்கும் இல்லை. ஸ்டட் நீண்டு போனதால் த்ரெட்டின் இடைவெளி நீண்டுவிட்டது, நட்டின் இடைவெளி பழையபடியே இருக்கிறது, அதனால் பிடிக்கிறது. இது மிகப் பழைய, மிக நம்பகமான அறிகுறி, எந்தக் கருவியும் வேண்டாம். கழற்றிய எந்த ஸ்டட்டிலும் புது நட் ஒன்றைக் கையால் முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள், பிடிக்கும் இடம் இருந்தால் அந்த ஸ்டட் ஏற்கெனவே இழுபட்டது என்று அர்த்தம்.

ஓட்ட ஆரம்பித்து பத்து நாளில் ஒழுகியது. காரணம் நேரானது. 304இன் யீல்டு சாதாரணச் சூட்டில் 205 என்றால் 450 டிகிரிப் பக்கம் சுமார் 120தான். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் சூடேறியதும் அதற்கு மேல் பிடித்து வைக்க அந்த உலோகத்தால் முடியாது.

அப்புறம் ஐப்பசி மழை. வடசென்னையில் வடகிழக்குப் பருவமழை எப்படி அடிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யூனிட் நின்றிருந்தது, இன்சுலேஷன் நனைந்து ஊறியது, கடல் பக்கத்திலிருந்து வரும் உப்புக்காற்று ஏற்கெனவே அதில் படிந்திருந்தது, அதோடு ஒழுகிய வாயுவின் ஹைட்ரஜன் குளோரைடும் இன்சுலேஷனின் குளிர்ந்த பக்கத்தில் அமிலமாகத் தங்கியிருந்தது. மெதுவாகச் சூடேற்றினோம். ஈரமும், குளோரைடும், இழுவையும், 60 டிகிரிக்கு மேல் சூடும் ஒன்றாகச் சேரும் அந்தச் சில மணி நேரம்தான் 304க்கு எமன். முழுச் சூட்டில் ஓடும்போது ஈரம் இல்லை, பயம் இல்லை. முழுக்க ஆறியிருக்கும்போது பயம் குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும்தான். அடுத்த முறை நிறுத்தித் திறந்தபோது ஒரு ஸ்டட் ஸ்பானர் வைத்ததுமே இரண்டாகக் கையோடு வந்தது, இன்னொன்றில் நட்டுக்குப் பக்கத்தில் முடி போல விரிசல். லேபில் வெட்டிப் பாலிஷ் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மரத்தின் வேர் மாதிரிக் கிளை கிளையாகப் பிரிந்து, படிகத் துகள்களின் ஊடாகவே ஓடும் விரிசல். குளோரைடு அழுத்த அரிப்பு விரிசல்தான், சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இழுத்து வைத்த ஸ்பிரிங்

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். ஸ்டட்டை நாம் பொருட்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி மாதிரி நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். டைட் வைக்கும்போது அதை இழுத்து நீட்டுகிறோம், அது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருங்கும் ஆசைதான் கேஸ்கெட்டை அழுத்தி வைத்திருக்கிறது. எங்கள் ஜாயிண்ட்டில் இரண்டு ஃபிளேஞ்சும் கேஸ்கெட்டும் சேர்ந்து 105 மில்லிமீட்டர் கனம். நட்டுக்குள் இழுபடும் பகுதியையும் சேர்த்தால் ஸ்டட்டில் சுமார் 133 மில்லிமீட்டர் நீள்கிறது. 345 மெகாபாஸ்கலில் அந்த நீட்சி எவ்வளவு தெரியுமா? 0.22 மில்லிமீட்டர். இரண்டு மூன்று தாள் கனம்தான் அந்த ஜாயிண்ட்டின் மொத்தச் சேமிப்பு.

இப்போது சூட்டைக் கணக்கில் எடுங்கள். 321 எஸ்.எஸ். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, இந்த வரம்பில் சராசரியாக 17.8 மைக்ரோமீட்டர் விரியும். பி7 சுமார் 13.9 மட்டுமே. 30 டிகிரியிலிருந்து 455 வரை போகும்போது ஃபிளேஞ்ச்சுகள் 0.79 மில்லிமீட்டர் தடிக்கின்றன, ஸ்டட்டின் அதே நீளம் 0.62 மில்லிமீட்டர்தான் நீள்கிறது. வித்தியாசம் 0.17. நாம் கொடுத்த நீட்சியே 0.22 என்னும்போது இந்த 0.17 அதன் மேல் ஏறுகிறது. ஃபிளேஞ்ச் கொஞ்சம் வளையும், கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கும், முழுவதும் ஸ்டட் மேல் வராது, ஆனாலும் பெரும்பங்கு வரும். பழைய குரோம்-மாலி ஃபிளேஞ்சில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, அதன் விரிவும் பி7இன் விரிவும் அண்ணன் தம்பி போல. அதனால்தான் அத்தனை வருடம் சத்தமில்லாமல் ஓடியது.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பட்டையைக் காய்ச்சி விரித்து மாட்டுவார்கள், ஆறும்போது அது சுருங்கிக் கட்டையை நெரித்துப் பிடிக்கும். எங்கள் ஜாயிண்ட்டில் இது தலைகீழாக நடந்தது: சூட்டில் ஃபிளேஞ்ச் விரிந்து ஸ்டட்டை இழுத்தது, ஆறியதும் ஃபிளேஞ்ச் அதிகமாகச் சுருங்கிக்கொண்டது, இடையில் இழுபட்டுத் தளர்ந்த ஸ்டட்டும் நசுங்கிய கேஸ்கெட்டும் பழைய இடத்துக்கு வரவில்லை. நட் கையால் சுற்றியது இதனால்தான். ஓடும்போது ஒழுகாமல் கிளம்பும்போது ஒழுகியதும் இதனால்தான்.

தளர்வு என்பது தனி விஷயம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூட்டில் இழுவையில் நிற்கும் உலோகம் மெதுவாக ஊர்ந்து நீளும், நாம் எல்லோரும் கிரீப் என்று படித்ததுதான். ஸ்டட்டின் நீளம் ஃபிளேஞ்சால் கட்டிப்போடப்பட்டிருப்பதால் அது வெளியே நீளமாகத் தெரியாது, உள்ளே இருந்த மீள்நீட்சி நிரந்தர நீட்சியாக மாறிவிடும், இழுவை குறைந்துகொண்டே போகும். பி7ஐக் கடினப்படுத்தி, அப்புறம் குறைந்தது 593 டிகிரியில் டெம்பர் செய்து, அதாவது மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தித்தான் அதன் பலத்தைக் கொண்டுவருகிறார்கள். அமெரிக்க ஏஎஸ்எம்இ அமைப்பின் கோட் பி7க்கு அனுமதிக்கும் அழுத்தத்தைப் பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும்: 370 டிகிரி வரை 172 மெகாபாஸ்கல், 454இல் சுமார் 117, 538இல் 31. அந்தச் சரிவுக்குக் காரணம் இந்த ஊர்தல்தான். இழுவை அதிகமாக இருந்தால் ஊர்தலும் வேகமாகும், ஆகவே விரிவு வித்தியாசம் கூடுதலாக இழுத்ததெல்லாம் தளர்வை இன்னும் துரிதப்படுத்தியது. ராத்திரி டைட் வைத்தவர்கள் அந்தக் கூடுதல் இழுவையின் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வாயு ஒழுகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

இதற்கு நடுவில் ஒரு நல்லெண்ண யோசனை வந்தது: ஸ்டட் இருக்கும் இடத்தில் மட்டும் இன்சுலேஷனைக் கழற்றிவிடலாம், ஸ்டட் குளிர்ச்சியாக இருக்கும், தளராது. தளர்வுக்கு அது நல்லதுதான். ஆனால் ஸ்டட் குளிர்ந்தால் அது இன்னும் குறைவாக நீளும், ஃபிளேஞ்ச் உள்ளே சூடாகவே இருக்கும், வித்தியாசம் இன்னும் கூடும். அதோடு ஒரு மழை அடித்தால் போதும். ஒரு வாரம் அப்படி ஓட்டிப் பார்த்தோம், கோடை மழை ஒன்று பெய்தது, அன்றைக்கே ஒழுகியது.

என்னென்ன போடலாம்

பி16 முதலில் மேசைக்கு வந்தது. பி7இன் அதே குடும்பம், மாலிப்டினம் 0.50 முதல் 0.65 சதவீதம், வனேடியம் 0.25 முதல் 0.35 சதவீதம், டெம்பர் 650 டிகிரிக்குக் குறையாமல். அந்த வனேடியம் கார்பைடுகள்தான் சூட்டில் ஊர்தலைத் தடுக்கின்றன. குரோம்-மாலி ஃபிளேஞ்சில் 450 முதல் 525 டிகிரி வரை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு பி16 சொல்வேன், விலையும் பெரிதாக ஏறாது. ஆனால் அதன் விரிவு பி7இன் விரிவேதான். 321 ஃபிளேஞ்சில் 0.17 மில்லிமீட்டர் பிரச்சினை அப்படியே இருக்கும், தளர்வு மட்டும் குறையும், நசுங்குவது கேஸ்கெட்டாக இருக்கும்.

அடுத்து பி8எம் கிளாஸ் 2, அதாவது குளிர்நிலையில் இழுத்துக் கடினப்படுத்திய 316. காகிதத்தில் பலம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த பலம் விட்டம் கூடக் கூடக் குறையும், இழுத்த கடினம் நடுப்பகுதி வரை போகாது. முக்கால் அங்குலம் வரை யீல்டு 95 ஆயிரம் பிஎஸ்ஐ, அதாவது 655 மெகாபாஸ்கல், எங்கள் ஒன்றே அரைக்காலுக்கு 65 ஆயிரம், அதாவது 450. சந்தையில் சின்ன ஸ்டட்டின் எண்ணைப் பெரிய ஸ்டட்டுக்கும் சொல்லி விற்பதை நான் கேட்டிருக்கிறேன், கேட்டால் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். இழுத்து ஏற்றிய பலம் நீடித்த சூட்டில் நம்பிவிடக் கூடியதும் இல்லை, குளோரைடு விரிசல் பயமும் போகாது.

ஒருவர் 718 என்றார். நிக்கல் அலாய், யீல்டு ஆயிரம் மெகாபாஸ்கலுக்கு மேல், 650 டிகிரி வரை பயப்பட வேண்டாம், குளோரைடுக்கும் அசையாது. "இருக்கறதுலயே ஒசந்தது போட்டுட்டா தொல்ல விட்டுச்சு" என்பது வாதம். ஆனால் அதன் விரிவைப் பாருங்கள், இந்த வரம்பில் சுமார் 14.1. பி7க்குப் பக்கத்து வீடு. ஸ்டட்டுக்கு ஒன்றும் ஆகாது, அது அந்த இழுவையைத் தாங்கிவிடும், ஆனால் அதே 0.16, 0.17 மில்லிமீட்டர் கேஸ்கெட்டின் தலையில் இறங்கும். இருப்பதிலேயே விலை உயர்ந்த ஸ்டட்டைப் போட்டுவிட்டு அதே ஒழுகலைப் பார்த்திருப்போம். 718க்குத் தகுந்த இடங்கள் வேறு உண்டு. குரோம்-மாலி ஃபிளேஞ்சோடு அதன் விரிவு நன்றாகவே ஒத்துப்போகும், அங்கே பி16க்கு மேல் சூடு போனால் அதை யோசிக்கலாம்.

சி-276ஐயும் ஒருவர் கேட்டார், அரிப்புக்கு அது ராஜா என்று. ராஜாதான், ஆனால் ஸ்டட் செய்யும் சாதாரண அனீல் (சூடேற்றி மென்மையாக்கிய) நிலையில் அதன் யீல்டு 283 மெகாபாஸ்கல். 345 இழுவை வேண்டும் என்றால் அது 304 செய்த தவறையே செய்யும். இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எங்கள் ஸ்டட் வாயுவைத் தொடுவதே இல்லை, ஒழுகினால் மட்டும்தான் தொடும். குழாய்க்குள் எது ஓடுகிறதோ அதற்கேற்ப ஸ்டட்டைத் தேர்ந்தெடுப்பது இந்த மாதிரி ஜாயிண்ட்டில் தவறான இடத்தில் பணத்தைப் போடுவது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (வெப்பப் பரிமாற்றி) உள்ளே மிதக்கும் தலையைப் பிடிக்கும் போல்ட்டுகள் வேறு கதை, அவை முழுக்க முழுக்க ஓடும் பொருளில் ஊறுகின்றன. அங்கே ஈரமான ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் கடினம்தான் முதல் கேள்வி. சாதாரண பி7 கடினம் அதிகம் என்பதால் விரிசல் விடும், பி7எம் 235 பிரினெல் கடினத்தைத் தாண்டாமல் வாங்க வேண்டும். வேதியியல் கலவை இரண்டுக்கும் ஒன்றேதான் என்பதை மறக்கக் கூடாது, கலவையை அளக்கும் எக்ஸ்-ரே கன் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே காட்டும்.

கடைசியாக நின்றது ஏ453 கிரேடு 660. சந்தையில் ஏ286 என்றால்தான் சட்டென்று புரிந்துகொள்வார்கள். 25 சதவீத நிக்கல், 15 சதவீதக் குரோமியம், 2 சதவீதத்தை ஒட்டி டைட்டானியம். உள்ளே படிக அமைப்பு எஸ்.எஸ். மாதிரி ஆஸ்டனைட், அதனால் விரிவு 17.2 பக்கம், 321ஓடு 0.03 மில்லிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. பலம் குளிர்நிலையில் இழுத்ததால் வந்தது இல்லை. 720 டிகிரியில் 16 மணி நேரம் வைத்து முதிரவிடும்போது நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்து உள்ளே நுண்ணிய துகள்களாகப் படிவதால் வருவது, ஆகவே 455 டிகிரி அதை அசைக்காது. யீல்டு 585 மெகாபாஸ்கல், எங்கள் 345க்கு நல்ல இடைவெளி. குளோரைடு விரிசலுக்கு நிக்கல் 8 முதல் 10 சதவீதம் இருக்கும்போதுதான் மிக மோசம் என்பது காப்ஸன் வளைவு காட்டும் உண்மை, 304 சரியாக அந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது, 660 அதைவிட வெகுவாகத் தள்ளி. அதற்காக விரிசலே வராது என்று சொல்ல மாட்டேன். அழுத்த நீர் அணு உலைகளின் உள்ளே இதே அலாயில் செய்த போல்ட்டுகள் அதிக இழுவையில் விரிசல் விட்டிருக்கின்றன. அதனால்தான் 585 இருக்கிறதே என்று இழுவையை ஏற்றாமல் 345இலேயே நிறுத்தினோம்.

விலை பி7ஐப் போலப் பல மடங்கு, கைக்கு வரச் சில மாதம். வாங்கும் பிரிவில் கேள்வி வந்தது, நியாயமான கேள்விதான். ஒவ்வொரு ஒழுகலுக்கும் யூனிட் நின்ற மணி நேரத்தை எழுதிக் காட்டினேன், அதற்கு மேல் பேச்சு இல்லை.

வாங்கியதும் மாட்டியதும்

சரக்கு வந்ததும் முதல் வேலை எக்ஸ்-ரே கன். நிக்கல், குரோமியம், டைட்டானியம் மூன்றும் சரியாக வந்தன. ஆனால் முன்னே சொன்ன மாதிரி அந்தக் கன் கலவையைத்தான் சொல்லும், வெப்பச் சிகிச்சை நடந்ததா என்று சொல்லாது. முதிரவிடாத 660 பார்க்க அச்சாக இதேதான், பலம் மட்டும் இருக்காது. அதனால் பதினாறுக்கும், அவற்றின் நட்டுகளுக்கும், கடினம் எடுத்தோம், 24 முதல் 37 ராக்வெல் சி வரைக்குள் வர வேண்டும், வந்தது. ஒரு துண்டை 650 டிகிரியில் 100 மணி நேரம் இழுவையில் வைக்கும் சோதனையின் அறிக்கையும் சான்றிதழில் இருக்கிறதா என்று பார்த்தோம். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்தேன்.

ஒரே உலோகத்தில் ஸ்டட்டும் நட்டும் என்றால் ஒட்டிக்கொள்ளும் பயம் உண்டு. நிக்கல் தூள் கலந்த பூச்சு தடவினோம், கந்தகம், குளோரின், ஈயம், துத்தநாகம் எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு. மாலிப்டினம் டைசல்ஃபைடு பூச்சு ஸ்டோரில் இருந்தது, ஆனால் அதன் கந்தகம் சூட்டில் நிக்கல் அலாய்க்கு எதிரி, அதைத் தொடவில்லை.

துத்தநாகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இன்சுலேஷன் ஆட்கள் வழக்கம் போல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பியால் கட்டப் பார்த்தார்கள். துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகும், எங்கள் ஃபிளேஞ்ச் 455. உருகிய துத்தநாகம் ஆஸ்டனைட் எஸ்.எஸ். மேல் இழுவையோடு பட்டால் துகள்களின் எல்லை வழியாக உள்ளே புகுந்து நொடியில் பிளக்கும். 1974இல் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில் நடந்த வெடி விபத்தின் விசாரணையில் ஒரு எஸ்.எஸ். குழாயில் இதே வகை விரிசலைப் பற்றி விரிவாகவே பேசினார்கள். கம்பி, வாஷர், கிளாம்ப் எல்லாவற்றையும் எஸ்.எஸ்.ஸுக்கு மாற்றினோம். அதன் மேல் மழைத் தகடு ஒன்றும், தண்ணீர் உள்ளே இறங்காதபடி மேல் பக்கம் மடிப்பு வைத்து.

மாட்டும்போது குறுக்குக் குறுக்காக நான்கு சுற்று, கடைசியில் வட்டமாக ஒரு சுற்று, நான்கு மணி நேரம் விட்டு மறுபடி வட்டமாக ஒரு சுற்று. பழைய பழக்கத்தில் ஒரே ஒரு மாற்றம்: எட்டு ஸ்டட்டின் நீளத்தை அல்ட்ராசோனிக் கருவியால் முன்னும் பின்னும் அளந்தோம். டார்க் ரெஞ்ச் காட்டுவது எவ்வளவு முறுக்கினோம் என்பதை மட்டும்தான், எவ்வளவு நீண்டது என்பதை அளந்தால்தான் தெரியும். முதல் ஸ்டட்டில் 0.16தான் நீண்டிருந்தது, காரணம் நட்டின் அடிப்பரப்பில் பூச்சு தடவ மறந்திருந்தார்கள். தடவி மறுபடி வைத்ததும் 0.22 வந்தது. ஃபிட்டர் அந்த எண்ணைத் திரையில் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே வாங்கித் தந்திருந்தா ரெண்டு வருசம் மிச்சமாயிருக்கும் தம்பி" என்றார். ஆமாம் அண்ணே என்றேன்.

கிளப்பும்போது மணிக்கு 50 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஆபரேஷன் ஆட்களிடம் எழுதி வாங்கினோம். விரிவு ஒத்துப்போனாலும் சூடு ஃபிளேஞ்சுக்கு முதலில் போகிறது, ஸ்டட்டுக்குத் தாமதமாகத்தான் வருகிறது. வேகமாக ஏற்றினால் அந்த இடைவெளியில் பழைய பிரச்சினை கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும்.

அதற்குப் பிறகு ஐந்து முறை யூனிட் நின்று கிளம்பியது, அதில் இரண்டு பருவமழைக்கு நடுவில். ஒழுகவில்லை. சூட்டில் டைட் வைக்க யாரும் போகவில்லை. அடுத்த ஷட்டவுனில் அந்த எட்டு ஸ்டட்டையும் கழற்றும் முன் அளந்தோம், நீட்சி 0.18க்கும் 0.20க்கும் நடுவில் மிச்சம் இருந்தது. புது நட் ஒவ்வொரு ஸ்டட்டிலும் முனையிலிருந்து முனை வரை கையாலேயே ஓடியது. இரண்டு ஸ்டட்டை மாற்றிவிட்டு எடுத்து லேபுக்கு அனுப்பினோம், த்ரெட் வேரில் விரிசல் எதுவும் இல்லை.

அதே குழாயில் பத்து மீட்டர் தள்ளி இன்னொரு ஃபிளேஞ்ச் இருக்கிறது, ஒரு பக்கம் 321, மறுபக்கம் பழைய குரோம்-மாலி நாசில் (கலனிலிருந்து நீட்டிய குழாய்முனை). இரண்டு வேறு விரிவுகளை ஒரே ஸ்டட் பிடிக்க வேண்டும், 105 மில்லிமீட்டரில் பாதி ஒரு கணக்கு, பாதி இன்னொரு கணக்கு. பி16 போட்டால் வித்தியாசம் 0.09 பக்கம் வருகிறது, 660 போட்டால் ஆறும்போது இறுக்கம் கூடி ஓடும்போது குறைகிறது. நட்டுக்குக் கீழே தடித்த குரோம்-மாலி காலர் வைத்து, பிடிக்கும் நீளத்தையும் ஸ்டட்டையும் நீட்டி, பி16ஐயே போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஸ்டட் நீளமானால் நீட்சியும் கூடும், அந்த 0.09 அதில் சின்னப் பங்காகிவிடும், காலரின் விரிவு பி16இன் விரிவோடு ஒத்துப்போவதால் அது புதிதாக வித்தியாசம் எதையும் சேர்க்காது. டிராயிங்கில் ஸ்டட்டுக்கு நேரே இந்த முறை கிரேடு, நீளம், இழுவை, பூச்சு நான்கும் எழுதியிருக்கிறது.